புந்தா கானாவில் வீடு, இகுவேயில் பதிவேடு

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் வெளிநாட்டவர் வீடு வாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: தாராளமாக முடியும், சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே வெளிநாட்டவர் நிலம் வாங்கக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி தேவைப்பட்டது. 1998இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். இப்போது விடுமுறைக்கு வந்து இறங்கியவர்கூட, கடல்குளியல் முடிந்த ஈரத் தலையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். செயின்ட் லூசியா, ஆன்டிகுவா போன்ற பழைய பிரிட்டிஷ் தீவுகளில் வெளிநாட்டவர் பொதுவாக அரசிடம் உரிமம் வாங்கிய பிறகே நிலம் வாங்க முடியும். அந்தக் காத்திருப்பு எரிச்சலானதுதான். ஆனால் ஆசை ஆறுவதற்கும் கேள்விகள் முளைப்பதற்கும் அது நேரம் தருகிறது. டொமினிக்கன் குடியரசில் அந்த இடைவெளியை வாங்குபவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

என் அத்தானிடம் அந்த இடைவெளி இல்லை. அத்தான் என்றால் என் பெரியம்மா மகளின் கணவர். திருச்சிக்காரர், கனடாவில் டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டொராண்டோவில் பனி கொட்டும் மாதங்களில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரச் சொச்சத்தில் டொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கரைச் சுற்றுலா ஊரான புந்தா கானா. விடுதி வரவேற்பறையில் ஒரு மேசை, சிரித்த முகத்தோடு ஒரு விற்பனையாளர், "ஒரு மணி நேரம் எங்கள் திட்டத்தைக் கேளுங்கள், படகுப் பயணம் இலவசம்" என்ற அழைப்பு. அத்தான் ஓர் அடுக்ககத் திட்டத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தோடு ஊர் திரும்பினார். நான் பல ஆண்டுகளாக வீட்டுக்கடன் அலுவலகத்தில் ஆவணங்களைப் படித்து வயிறு வளர்ப்பவன் என்பதால் என்னை அழைத்தார்.

"மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் படித்துப் பார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் அனுப்ப வேண்டுமாம்."

"வெள்ளிக்கிழமை என்று யார் சொன்னது அத்தான்?"

"அவர்களேதான். விலை ஏறப்போகிறதாம்."

விலை ஏறினால் ஏறட்டும் என்று நான் சொன்னதில் அவருக்கு வருத்தம். அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். அக்கா என் பக்கம் நின்றதால்தான் வெள்ளிக்கிழமை பணம் போகாமல் கடந்தது.

நம் ஊரில் நிலம் வாங்கிப் பழகியவர்கள் அங்கே போகும்போது முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு அலுவலகம் பதிவு செய்வது ஆவணத்தை. உரிமை விற்றவரிடம் உண்மையிலேயே இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா என்று ஒன்றையொன்று ஒட்டிப் பார்க்கிறோம். டொமினிக்கன் குடியரசு பின்பற்றுவது டாரன்ஸ் முறை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த முறை அது. அமெரிக்க ராணுவம் அந்த நாட்டை ஆண்ட காலத்தில், 1920இல், அதைக் கொண்டுவந்து புகுத்தினார்கள். இதன்படி பதிவகம் பதிவு செய்வது உரிமையையே. பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் உரிமையாளர். அதுவரை எத்தனை கையெழுத்து, எத்தனை முத்திரை இருந்தாலும் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே. புந்தா கானா இருக்கும் லா அல்தகிராசியா மாகாணத்துக்கான பதிவகம் இகுவேய் நகரத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊரின் பெயரே தெரியாது.

அமெரிக்கர்கள் எதற்காக இந்த முறையைக் கொண்டுவந்தார்கள் என்பது தெரிந்தால் இன்றைய சிக்கல் பாதி புரியும். ஸ்பானியர் காலத்திலிருந்து அங்கே பெரும் நிலங்கள் பங்காளிகளின் பொதுச் சொத்தாகவே கிடந்தன. யாருக்கும் எல்லை கிடையாது. பங்கின் அளவை நிலப் பரப்பில் சொல்லாமல் பெசோ என்ற நாணயக் கணக்கில் சொன்னார்கள்: இவருக்கு இத்தனை பெசோ பங்கு, அவருக்கு அத்தனை பெசோ பங்கு. கால்நடை மேய்த்தவரை அது போதுமானதாக இருந்தது. கரும்பு ஆலைகள் வந்து நிலத்துக்கு விலை கூடியதும் போலிப் பங்குப் பத்திரங்கள் குவிந்தன. அதை ஒழிக்க வந்ததுதான் 1920இன் சட்டம். ஆனால் பழக்கம் சாகவில்லை. பதிவான ஒரு பெரிய நிலத்தில் "இன்னாருக்கு இத்தனை சதுர மீட்டர்" என்று மட்டும் சொல்லும், எந்த மூலையில் என்று சொல்லாத ஒரு தாள் புழக்கத்துக்கு வந்தது. கான்ஸ்தான்சியா அனோதாதா என்பார்கள். நம் வழக்கில் சொன்னால் பிரிபடாத பாகம்.

அத்தானின் இரண்டாவது ஆசை அங்கேதான் போய் மாட்டியது. அடுக்கக விளம்பரத்தை நான் ஆறப் போட்டதும், புந்தா கானாவை ஒட்டிய பாவரோ பக்கம் ஒரு மனை மலிவாக வருகிறது என்று தெரிந்தவர் ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. அங்கே மனையைத் தாரேயா கணக்கில் பேசுவார்கள். ஒரு தாரேயா சுமார் 629 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினைந்தரை சென்ட். படங்கள் வந்தன. தென்னை, வேலி, தூரத்தில் நீலக் கடல். ஆவணத்தின் நகலும் வந்தது. அதில் விற்பவர் பெயர் இருந்தது, பரப்பு இருந்தது, முத்திரை இருந்தது. எல்லை மட்டும் இல்லை. வேலி போட்ட இடம்தான் அந்தத் தாளில் சொன்ன இடம் என்று காட்ட அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

2005இல் இயற்றப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த 108-05ஆம் எண் சட்டம் இந்தப் பிரிபடாத பாகங்கள் புதிதாகப் பெருகுவதைத் தடுத்தது. பாகத்தைப் பிரித்து, அளந்து, தனி மனையாக்கும் நடவடிக்கைக்கு தெஸ்லிந்தே என்று பெயர். மூன்று கட்டம். அங்கீகாரம் பெற்ற நில அளவையாளர் அனுமதி வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து அளக்க வேண்டும். அளவைத் துறை அதைச் சரிபார்ப்பதோடு முதல் கட்டம் முடியும். பிறகு நில நீதிமன்றம் அதைப் பார்த்து ஒப்புதல் தரும். கடைசியாக உரிமைப் பதிவகம் அந்த மனைக்குத் தனி எண்ணும் தனிச் சான்றும் வழங்கும். இடையில் எதிர்ப்பு வராவிட்டாலே மாதக்கணக்கில் ஆகும். பக்கத்து வேலிக்காரர் எதிர்த்தால் ஆண்டுக்கணக்கு. விற்பவர்கள் இதற்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள்: "தெஸ்லிந்தே நடந்துகொண்டிருக்கிறது." நடந்துகொண்டிருப்பது எந்தக் கட்டத்தில், எந்த நீதிமன்றத்தில், என்ன வழக்கு எண்ணில் என்று கேட்டால் பாட்டு நின்றுவிடும். நாங்கள் கேட்டோம். அந்தத் தெரிந்தவர் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

அளந்து பிரித்த சான்று கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. ஹைட்டி எல்லையை ஒட்டிய பெதர்நாலெஸ் மாகாணத்தில் பாயியா தெ லாஸ் ஆகிலாஸ் என்று ஒரு விரிகுடா இருக்கிறது. நாட்டின் மிக அழகான கடற்கரை என்று டொமினிக்கர்களே சொல்லும் இடம். 1990களில் அரசுக்குச் சொந்தமான அந்த நிலத்தை விவசாயச் சீர்திருத்தத்தின் பெயரால் பயனாளிகளுக்குப் பங்கிட்டதுபோல் காட்டி, தனியார் பெயர்களில் உரிமைச் சான்றுகள் எடுத்துவிட்டார்கள். வழக்கு இருபது ஆண்டுக்குப் பக்கமாக இழுத்தது. 2014 ஆகஸ்டில் நில நீதிமன்றம் அந்தச் சான்றுகளை ரத்து செய்து நிலத்தை அரசுக்கே திருப்பியது. ஆகவே பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பெயர் அங்கே எப்படி ஏறியது என்றும் ஒரு தலைமுறைக்காவது பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூலப்பத்திரம் கேட்கும் நம் ஊர்ப் புத்தி அங்கே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு பங்கிட்ட நிலம், அண்மையில் பிரிந்த பெரிய பண்ணை, வாரிசுகள் பலர் உள்ள குடும்பச் சொத்து ஆகிய மூன்றிலும் அந்தப் புத்தி கட்டாயம் வேண்டும்.

கடலுக்கு மிக அருகே என்றால் இன்னொரு கேள்வி. 1968இன் சட்டப்படி அலை ஏறும் கோட்டிலிருந்து உள்நோக்கி 60 மீட்டர் பொதுச் சொத்து. "தனியார் கடற்கரையோடு கூடிய வீடு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடலாம்.

வழக்கறிஞர் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் பார்த்த பெரும்பாலான ஏமாற்றங்கள் நடக்கின்றன. விற்பனையாளர் அத்தானிடம், "எங்கள் வழக்கறிஞர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், உங்களுக்குச் செலவே இல்லை" என்று சொல்லியிருந்தார். விற்பவர் சம்பளம் கொடுக்கும் வழக்கறிஞர் வீடு வாங்குபவருக்காக எதைப் பார்த்துக்கொள்வார்? வேறு திட்டம் ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் முழுப் பணத்தையும் கட்டியது. வீட்டில் குடியேறியும் விட்டார்கள். சான்று மட்டும் வரவில்லை. விசாரித்தால், கட்டுநர் மொத்த நிலத்தையும் வங்கியில் அடமானம் வைத்திருந்தார். அது தீராமல் தனித்தனி வீடுகளுக்குச் சான்று பிரியாது. அடமானம் பதிவேட்டில் பட்டவர்த்தனமாக இருந்தது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நோட்டரியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அங்கே நோட்டரியாக இருப்பவர் வழக்கறிஞராக இருந்தாக வேண்டும், பதவிக்குக் கௌரவமும் உண்டு. அதனால் நோட்டரி முத்திரை விழுந்தால் சொத்தைச் சோதித்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் அவர் சான்றளிப்பது கையெழுத்துகளுக்கு. சொத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்று தேடுவது அவருடைய வேலை இல்லை.

நாங்கள் சான்டோ டொமிங்கோவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். புந்தா கானாவில் எந்தக் கட்டுநருக்கும் வேலை செய்யாதவர் என்பதுதான் முதல் தகுதி. அவர் முதலில் செய்தது, பதிவகத்திலிருந்து சொத்தின் சட்ட நிலைச் சான்றைப் புதிதாக வாங்கியது. விற்பவர் நீட்டும் நகலுக்கு மதிப்பில்லை. அது எடுத்த நாளில் உண்மையாக இருந்திருக்கலாம், நேற்று அடமானம் ஏறியிருக்கலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, யாராவது எதிர்ப்புப் பதிந்திருக்கிறார்களா, வழக்குக் குறிப்பு இருக்கிறதா என்று எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். இன்னொன்றையும் அவர் கேட்டார்: விற்பவர் திருமணமானவரா, மனைவி எங்கே? அங்கே திருமணத்தின்போது தனியாக ஒப்பந்தம் செய்யாவிட்டால் சம்பாதித்த சொத்து இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட விற்பனையை மற்றவர் வந்து உடைக்க முடியும்.

முதலில் வந்த அந்த விளம்பரப் புத்தகத் திட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை, அத்தான் ஆசை விடாததால். கட்டி முடிக்காத வீட்டை வாங்கும்போது பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. 2011இல் வந்த 189-11ஆம் எண் சட்டம் ஃபிதெய்கோமீசோ என்ற பொறுப்புரிமை அமைப்புக்கு வழி செய்தது. நிலமும் வாங்குபவர்களின் தவணைகளும் கட்டுநரின் சொந்தச் சொத்தோடு கலக்காமல் ஒரு தனிப் பொறுப்பு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கும். கட்டுநர் கடனில் மூழ்கினாலும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டடம் முடியும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றுபோலப் பேசுவார்கள். பொறுப்புரிமை ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, எந்தக் கட்டத்தில் கட்டுநருக்குப் பணம் விடுவிக்கப்படும் என்று படிக்க வேண்டும். அத்தானிடம் கேட்ட முன்பணமோ, புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருந்த பொறுப்பு நிறுவனத்துக்குப் போகவில்லை. வேறொரு நாட்டில் உள்ள வேறொரு பெயரின் கணக்குக்குப் போக இருந்தது. அத்தான் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகம் குப்பைக்குப் போயிற்று.

அதே புத்தகத்தில் வரிவிலக்கு என்று ஒரு பக்கம் இருந்தது. 2001இன் சுற்றுலா ஊக்கச் சட்டப்படி, கான்ஃபோதூர் என்று எல்லோரும் அழைக்கும் ஒப்புதலைப் பெற்ற திட்டத்தில் முதலில் வாங்குபவருக்கு 3 சதவீத உரிமை மாற்று வரி இல்லை. ஆண்டுச் சொத்துவரியும் 15 ஆண்டுகளுக்கு இல்லை. உண்மையான சலுகைதான். ஒப்புதலில் தற்காலிகம், இறுதி என்று இரண்டு நிலை உண்டு. தற்காலிகத்தைக் காட்டி இறுதிபோல விற்பார்கள். தீர்மானத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் அத்தானும் அக்காவும் வாங்கியது, ஏற்கெனவே கட்டி முடித்து, தனிச் சான்று பிரிந்து, ஒரு கனடாக்காரர் விற்ற இரண்டு படுக்கையறை வீடு. கடல் தெரியாது. மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் தெரியும் என்று அத்தான் சொல்கிறார். கடற்கரை முன்வரிசையை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. 2011இலிருந்து சர்காசம் பாசி கிழக்குக் கரையில் கோடைதோறும் வந்து குவிகிறது, அது அழுகும் வாடை முன்வரிசைக்குத்தான் முதலில். 2022இல் ஃபியோனா புயல் கரையேறியதும் அந்தப் பக்கம்தான்.

அடுக்ககங்களுக்குத் தனிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமைச் சான்று. விற்பவர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் அது வாங்குபவர் தலையில் விடிய வாய்ப்புண்டு. ஆகவே சங்கத்திடம் பாக்கியில்லாச் சான்று. சொத்துவரி அலுவலகத்திலும் அதேபோல ஒன்று. அந்த ஆண்டுவரி, தனிநபருக்கு அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வரம்புக்கு மேற்பட்ட மதிப்பின் மீது 1 சதவீதம். மார்ச் 11, செப்டம்பர் 11 என்று இரண்டு தவணை. உரிமை மாற்று வரி 3 சதவீதத்தை ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அபராதம் ஏறும். ஒப்பந்தத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யோசனை சொல்ல அங்கேயும் ஆள் உண்டு. நம் ஊர் வழிகாட்டி மதிப்பு நினைவுக்கு வந்து அத்தான் ஒரு கணம் புன்னகைத்தார். வேண்டாம் என்று வழக்கறிஞர் முடித்துவிட்டார். வரி அலுவலகம் தன் மதிப்பீட்டின்படியே வசூலிக்கும். பிற்பாடு விற்கும்போது குறைத்துக் காட்டிய விலையே லாபத்தைப் பெருக்கிக் காட்டி வரியைக் கூட்டும்.

ரொக்கம் அறவே கூடாது. 2017இன் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் சொத்து விற்பனையில் ரொக்கத்துக்கு வரம்பு வைத்துவிட்டது. வங்கி வழியாகப் போன பணத்துக்குத்தான் தடம் இருக்கும். நாளை வீட்டை விற்றுப் பணத்தைக் கனடாவுக்குக் கொண்டுவரவும் அந்தத் தடம் வேண்டும்.

யாரும் எதிர்பாராத இடத்தில் நாங்கள் மாட்டியது பெயரில். ஸ்பானிய வழக்கத்தில் ஒருவருக்குத் தந்தைவழி, தாய்வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள். நம்மவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அத்தானின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பாவின் பெயர்; அக்காவுடையதில் அத்தானின் பெயர். வங்கிக் கணக்கில் இன்னொரு வரிசை. பதிவகத்து எழுத்தர் கண்ணுக்கு இவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர். திருமணம் ஆனவர்களா என்பதே அவருக்குச் சந்தேகம். திருமணமோ திருச்சிக்கு அருகே ஒரு கோயிலில் நடந்தது. குடியேற்றத்துக்காகப் பின்னாளில் பதிவு செய்த சான்றுதான் கையில். அதற்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் முத்திரை, வாங்கி, ஸ்பானிய மொழிக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று பெயர் வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் வேறு. சான்றில் ஒரு எழுத்துப் பிசகு ஏறிவிட்டால் விற்கும் நாளில் முழுச் சுற்றும் மறுபடியும் வர வேண்டும். எனவே வரைவை வாங்கி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பதிவுக்கு அனுப்பச் சொன்னோம். தமிழ்ப் பெயரோடு அங்கே சொத்து வாங்குபவர்கள் இந்த வேலையை முன்பணத்துக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

பவர் பத்திரத்தில் மட்டும் காலம் எங்களுக்கு உதவியது. டொமினிக்கன் குடியரசு 2009இலேயே அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. கனடா சேர்ந்தது 2024 ஜனவரியில்தான். அதற்கு முன் கனடாவில் எழுதிய பவர் பத்திரத்தை ஒட்டாவா, தூதரகம் என்று அலைய வைத்துச் சான்று பெற வேண்டியிருந்தது. இப்போது ஒன்டாரியோ அரசின் ஒரு முத்திரை போதும். பவரை இந்த வீட்டை வாங்குவதற்கு மட்டும், இந்த விலைக்கு மட்டும் என்று குறுக்கி எழுதினோம். "எல்லா அதிகாரமும்" என்ற அச்சடித்த படிவத்தை வழக்கறிஞரே கிழித்துப் போட்டார் என்பதால் அவர் மீது எனக்கு மரியாதை கூடியது.

சான்று இருவர் பெயரிலும் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது உயில். அந்த நாட்டின் உரிமையியல் சட்டம் பிரெஞ்சு வழியில் வந்தது. பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு, விரும்பியவருக்கு முழுதும் எழுதிவைக்க முடியாது. 2014இன் 544-14ஆம் எண் சட்டம் வந்த பிறகு, இறந்தவர் எந்த நாட்டில் நிலையாக வாழ்ந்தாரோ அந்த நாட்டுச் சட்டமே வாரிசுரிமைக்குப் பொருந்தும். அத்தான் கனடாவில் இருக்கும்வரை ஒன்டாரியோ சட்டம். ஆண்டின் பெரும்பகுதி புந்தா கானாவில் தங்கி அதையே நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டால் கணக்கு மாறும். இதை விளக்கியபோது அத்தான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் மார்ச்சிலேயே திரும்பிவிடுகிறேன் என்றார். எனக்குத் தெரிந்து இரண்டு குளிர்காலமாக ஏப்ரல் கடைசியில்தான் திரும்புகிறார். உயிலுக்கு வழக்கறிஞரைப் பார்க்கும் நாளும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அக்கா இந்த முறை தேதி வாங்கிவிட்டாள்.